மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில்

காலையில் கண் விழித்ததும் காபி குடிக்க முடியாது என்பதுதான் இந்தத் தைராய்டு நோயின் பெரிய துயரம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். டிகாஷன் இறங்கும் வாசனையிலேயே எழுந்து பழகியவர்களுக்கு அந்தத் துயரம் புரியும். மாத்திரையைப் போட்டபின் ஒரு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது. வீட்டில் எல்லாருக்கும் காபி கலந்து கொடுத்துவிட்டு, நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தபடி இட்லி ஊற்றிக்கொண்டிருப்பேன். மாமியாருக்கு மனசு கேட்காது. "ஒரு வாய் குடிச்சா என்னத்தா ஆயிரும்?" என்பார்.

ஒரு வாய் குடித்தால் என்ன ஆகும் என்றுதான் இதில் எழுதப் போகிறேன். கூடவே மாத்திரை, ரத்தப் பரிசோதனை, சத்து மாத்திரை, உப்பு, முட்டைக்கோஸ் என்று இதைச் சுற்றி வருகிற எல்லாமும்.

நான் டாக்டர் இல்லை. தைராய்டு மந்தமாகி வருடக்கணக்கில் மாத்திரை போடுகிறவள். வீட்டுக்காரர் மதுரையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். சாயங்காலம் நானும் கல்லாவில் உட்காருவேன். அதனால் என் ஒருத்தி உடம்பை மட்டும் வைத்து நான் பேசவில்லை. கடைக்கு வருகிற சீட்டில் முதல் வரி தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சின். அடுத்தது கால்சியம். அதற்கடுத்து இரும்புச்சத்து. கடைசியில் முடி கொட்டாமல் இருக்க ஒன்று. நாலையும் ஒரே கவரில் போட்டுக் கொடுக்கிறோம். வாங்கிப் போகிறவர் நாலையும் காலையில் உள்ளங்கையில் வைத்து ஒரே மடக்கில் விழுங்கிவிடுகிறார். அடுத்த ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் ஏறியிருக்கும். டோஸைக் கூட்டி எழுதிய சீட்டோடு மறுபடி வருவார். இந்தக் கூத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த எரிச்சல்தான் இந்தப் பதிவு.

தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம் மூச்சுக்குழாயை ஒட்டி இருக்கிற, சுமார் 20 கிராம் எடையுள்ள சுரப்பி. அது பெரும்பாலும் டி4 என்ற ஹார்மோனைத்தான் சுரக்கிறது. நான்கு அயோடின் அணுக்கள் கொண்டது டி4. ஈரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் அதில் ஒரு அயோடினைக் கழற்றி டி3 ஆக்கிக்கொள்கின்றன. உடம்பில் வேலை பார்ப்பது டி3. சூடு, இதயத்துடிப்பு, குடல் அசைவு, மூளையின் சுறுசுறுப்பு எல்லாம் அதன் கையில். மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி ரத்தத்தில் டி4 எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் "இன்னும் சுர" என்று டிஎஸ்எச்சை அனுப்பும். அடுப்படியில் இருக்கிறவர் காதில் விழவில்லையென்றால் கூடத்தில் இருக்கிறவர் குரல் ஏறுமே, அதுதான் டிஎஸ்எச். தைராய்டு வேலை செய்யாதபோதுதான் அது ஏறும். "எனக்கு டிஎஸ்எச் 12, அப்ப தைராய்டு ஜாஸ்தியா சுரக்குதா?" என்று கேட்காத ஆள் கிடையாது. ஜாஸ்தி இல்லை, கம்மி.

இந்தக் குரல் கொஞ்சம் மிகையாகக் கத்துகிற குரல் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டி4 சற்றுக் குறைந்தாலும் டிஎஸ்எச் பல மடங்கு ஏறிவிடும். 5 இருந்தது 10 ஆனதும் நோய் இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று கலங்க வேண்டியதில்லை.

அயோடின் போதுமான அளவு கிடைக்கிற ஊர்களில் சுரப்பி இப்படிச் சோர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைப் பகையாகப் பார்த்து மெதுவாக அரித்துவிடுகிறது. 1912இல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் ஹகாரு ஹஷிமோடோ என்ற இளம் மருத்துவர் நான்கு பெண்களின் தைராய்டை நுண்ணோக்கியில் பார்த்து இந்த நோயை விவரித்தார். கட்டுரையை ஜெர்மன் மொழியில் எழுதினார். பிறகு சொந்த ஊருக்குத் திரும்பிப் பரம்பரை வைத்தியத் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், 1934இல் டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். இன்று உலகம் முழுக்க ரிப்போர்ட்டுகளில் அவர் பெயர் இருக்கிறது.

அறிகுறிகளைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. களைப்பு, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி கொட்டுதல், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, முகம் ஊதுதல், குரல் கரகரத்தல், சித்திரை வெயிலிலும் ஃபேனைக் குறைக்கச் சொல்வது. இதில் பாதி நாற்பது வயதுப் பெண் எவருக்கும் இருக்கும். அதனால்தான் ரத்தத்தைப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது. சென்னை உட்பட எட்டு நகரங்களில் எடுத்து 2013இல் வெளியான ஆய்வில் கிட்டத்தட்ட நூற்றுக்குப் பதினோரு பேருக்கு இந்தக் குறைபாடு இருந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது.

மாத்திரைக்கு வருகிறேன். தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் என்று பெயர் எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான், லெவோதைராக்சின். நம் சுரப்பி சுரக்கிற அதே டி4. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியில் செலுத்தினார். நடையும் பேச்சும் மந்தமாகிக் கிடந்தவர் தேறி, அதன் பிறகு 28 வருடம் வாழ்ந்தார். பின்னாளில் அந்தச் சாற்றை வாய்வழியாகவே எடுத்துக்கொண்டார். அவர் ஒருவருக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு செலவானதாகக் கணக்கு. 1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் அந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்தார். 1927இல் பிரிட்டனில் ஹாரிங்டனும் பார்ஜரும் அதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். "வாழ்நாள் முழுக்க மாத்திரையா?" என்று யாராவது கடையில் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்த ஆடுகள்தான் ஞாபகம் வரும்.

டோஸ் மில்லிகிராமில் கிடையாது, மைக்ரோகிராமில். சுரப்பி முழுதாக நின்றுபோனவருக்கு எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் அளவு தேவைப்படும். 60 கிலோ பெண்ணுக்கு 100 பக்கம் வரும். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25இல் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவார்கள். மாத்திரையே சின்னதுதான், அதில் மருந்து இன்னும் கொஞ்சம். இவ்வளவு சின்ன அளவில் வேலை செய்கிற மருந்து என்பதால்தான் ஒரு டம்ளர் காபி அதன் கணக்கைக் கலைத்துவிட முடிகிறது. வெறும் வயிற்றில் போட்டால் 70 முதல் 80 சதவீதம் வரை ரத்தத்தில் சேரும். சாப்பாட்டோடு போனால் குறையும். காபியோடு போனாலும் குறையும். 2008இல் இத்தாலிக்காரர்கள் தங்கள் எஸ்பிரஸோவை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்து எழுதினார்கள். தண்ணீரோடு மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடித்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. நம் காபியில் பாலும் சேர்ந்துவிடுகிறது. பாலில் இருக்கிற கால்சியம் தன் பங்குக்கு மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாமியாருக்கு இதைச் சொன்னபோது, "அப்ப கருங்காப்பி குடி" என்றார். அதுவும் ஆகாது அத்தை.

கால்சியமும் இரும்பும் இன்னும் மோசம். குடலில் லெவோதைராக்சினோடு ஒட்டிக்கொண்டு அதை உள்ளே விடாது. நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். எங்கள் கடையில் இப்போது தைராய்டு மாத்திரையோடு கால்சியம் வாங்குகிறவர்களுக்குக் கவரிலேயே பேனாவால் எழுதிக் கொடுக்கிறோம்: தைராய்டு எழுந்ததும், கால்சியம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின், இரும்பு ராத்திரி. கால்சியமும் இரும்பும் தங்களுக்குள்ளேயே ஆகாதவை என்பதால் அவற்றையும் பிரித்துவிடுவது நல்லது.

இன்னொரு சிக்கல் வயிற்று எரிச்சல் மாத்திரை. பாண்டோப்ரசோல் இல்லாத வீடு தமிழ்நாட்டில் இருக்கிறதா என்பது சந்தேகம். அதுவும் வெறும் வயிற்றில்தான் போட வேண்டியது. அது அமிலத்தைக் குறைப்பதால் தைராய்டு மாத்திரை சரியாகக் கரையாமல் போகலாம். இங்கே இடைவெளி விட்டும் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் அமிலக் குறைவு நாள் முழுக்க நீடிக்கும். அதைத் தொடர்ந்து போட ஆரம்பித்தாலோ நிறுத்தினாலோ டாக்டரிடம் சொல்லி டிஎஸ்எச்சை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

காலையில் முடியாதவர்கள் ராத்திரி போடலாமா? போடலாம். நெதர்லாந்தில் செய்து 2010இல் வெளியான ஆய்வில், படுக்கும்போது போட்டவர்களுக்கு ஹார்மோன் அளவு காலை வேளையைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருந்தது. ஆனால் கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஒன்பதரைக்குத் தோசை சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுக்கிற வீட்டில் இது நடக்காத காரியம். எனக்குத் தெரிந்த நர்ஸ் ஒருவர் ஏழு மணிக்கே சாப்பாட்டை முடித்துவிடுவார். அவருக்கு இதுதான் வசதி. எந்த வேளை என்பதைவிட, தினமும் அதே வேளையா என்பதுதான் முக்கியம்.

ஒரு நாள் மறந்துவிட்டால் பதற வேண்டாம். லெவோதைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். ஞாபகம் வந்தபோது போட்டுக்கொள்ளலாம். இந்த ஒரு வாரக் கணக்குதான் இந்தச் சிகிச்சை முழுவதையும் ஆள்கிறது. மாத்திரையை நிறுத்திய அடுத்த வாரம் "எனக்கு ஒண்ணுமே செய்யலையே" என்று சொல்கிறவர்கள் பழைய மாத்திரையின் மிச்சத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். "அண்ணே, ரிப்போர்ட் நார்மல்னு வந்திருச்சு, நிப்பாட்டிரவா?" என்று வீட்டுக்காரரிடம் வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். அவர் பதில் எப்போதும் ஒன்றுதான்: "மாத்திரை போடுறதாலதான்மா நார்மல். டாக்டரைக் கேக்காம நிப்பாட்டாதீங்க."

பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. சூடும் வெளிச்சமும் ஈரமும் இந்த மருந்துக்கு ஆகாது. அடுப்பு மேடை, ஜன்னல் விளிம்பு, மே மாதம் வெயிலில் நிற்கும் கார், மூன்றும் வேண்டாம். மூடியைத் திறந்துவைத்துவிட்டுப் பால் பொங்குவதைப் பார்க்கப் போகாதீர்கள். உள்ளே இருக்கிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கியும் போடாதீர்கள். ஒரு பிராண்டில் சரியாகப் போய்க்கொண்டிருந்தால் அதிலேயே இருங்கள். ஸ்டாக் இல்லை என்று மாற்ற நேர்ந்தால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஒரு டிஎஸ்எச் பார்த்துக்கொள்ளுங்கள். இதை மெடிக்கல் ஷாப்காரர் வீட்டிலிருந்தே சொல்கிறேன்.

அந்த ஆறு முதல் எட்டு வாரம் எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் பாதியாகிற மருந்து, டோஸ் மாறிய பிறகு ரத்தத்தில் ஒரு நிலைக்கு வர ஐந்து வாரம் எடுக்கும். பிட்யூட்டரி அதை உணர்ந்து டிஎஸ்எச்சைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம். டோஸை மாற்றி இரண்டே வாரத்தில் லேபுக்கு ஓடினால் பாதிப் பயணத்தில் இருக்கிற எண்ணைத்தான் பார்ப்பீர்கள். அதைப் பார்த்து மறுபடி டோஸை மாற்றினால் ஊஞ்சல் நிற்கவே நிற்காது. நிலைக்கு வந்துவிட்டவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்கு ஒரு தடவை போதும்.

லேபுக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. டிஎஸ்எச் நடு இரவில் உச்சத்துக்குப் போய், பகலில் இறங்கும். போன தடவை காலை ஏழுக்கும் இந்தத் தடவை மத்தியானம் மூன்றுக்கும் கொடுத்துவிட்டு இரண்டு எண்களையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. காலையில், அதே லேபில், அதே நேரத்தை ஒட்டிக் கொடுங்கள். கூடவே ஃப்ரீ டி4 பார்க்கிறார்கள் என்றால் அன்றைக்கு மட்டும் மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுவது நல்லது. போட்ட சில மணி நேரத்தில் ரத்தத்தில் டி4 கொஞ்சம் எம்பி நிற்கும். நான் போகிற லேபில் ரத்தம் எடுக்கிற தம்பி, கையில் ரப்பர் பட்டையைக் கட்டும்போதே கேட்டுவிடுவான்: "அக்கா, மாத்திரை போட்டுட்டீங்களா, போடலையா?" ரிப்போர்ட்டில் அதைக் குறித்தும் வைப்பான். நல்ல பழக்கம்.

'தைராய்டு ப்ரொஃபைல்' என்ற பெயரில் மொத்த டி3, மொத்த டி4, டிஎஸ்எச் மூன்றையும் சேர்த்து விற்கிறார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு நிலையாக இருப்பவருக்கு டிஎஸ்எச் ஒன்றே பெரும்பாலும் போதும், தேவைப்பட்டால் ஃப்ரீ டி4. தைராய்டு மந்தமானாலும் டி3தான் கடைசியில் இறங்குகிறது. அது நார்மலாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய எதுவுமில்லை. மொத்த டி4 கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரையிலும் தானாகவே ஏறிக் காட்டும். ஆன்ட்டி-டிபிஓ என்ற பரிசோதனை ஹஷிமோடோவா என்று தெரிந்துகொள்ள ஒரு தடவை பார்ப்பதற்கு. வருடா வருடம் அதன் எண் 600ஆ 400ஆ என்று பார்த்துக் கவலைப்படுவது காசுக்கும் கேடு, மனசுக்கும் கேடு. அந்த எண்ணை வைத்து டோஸ் மாறாது.

இப்போது மதினி கதை. அண்ணன் மனைவி. பல வருடமாக 75 மைக்ரோகிராமில் சீராக இருந்தவர். போன முறை ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் அடிமட்டத்தில், டி4 மேலே. மாத்திரை அதிகமாகிவிட்டது போலத் தெரிந்தது. ஆனால் படபடப்பு இல்லை, கை நடுக்கம் இல்லை, எடை குறையவில்லை, தூக்கம் எப்போதும்போல. டாக்டர் டோஸைக் குறைக்கும் முன் ஒரே கேள்வி கேட்டார்: "முடிக்கு ஏதாச்சும் மாத்திரை போடுறீங்களாம்மா?" போட்டுக்கொண்டிருந்தார். 10 மில்லிகிராம் பயோடின். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை 30 மைக்ரோகிராம். அதுபோல முந்நூறு மடங்குக்கு மேல் அந்த ஒரு மாத்திரையில் இருந்தது. பல லேப் மெஷின்கள் ஹார்மோனை அளக்கப் பயன்படுத்துவதே பயோடின் ஒட்டிக்கொள்கிற தன்மையைத்தான். ரத்தத்தில் பயோடின் மிதந்தால் மெஷின் ஏமாந்துபோகும். டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் காட்டும். ஹார்மோனில் எந்த மாற்றமும் இருக்காது. மதினி அதை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தார். எண் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, டோஸ் மாறவில்லை. அமெரிக்காவின் எஃப்டிஏ 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். டோஸ் பெரிதாக இருந்தால் இன்னும் முன்னதாக. தைராய்டு மந்தமானால் முடி கொட்டும், முடி கொட்டினால் பயோடின் வாங்குவோம், பயோடின் தைராய்டு ரிப்போர்ட்டைக் கெடுக்கும். எங்கள் கடையில் இந்த இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன.

டோஸ் கூடிப்போவது சின்ன விஷயம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எடை குறையும் என்று டோஸை ஏற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தைராய்டு மந்தத்தால் மட்டும் ஏறுகிற எடை பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து கிலோதான், அதிலும் பெரும்பகுதி நீர். மீதி எடைக்குத் தைராய்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. டிஎஸ்எச் தரைமட்டத்தில் வருடக்கணக்கில் கிடந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். எழுபது வயதுக்காரருக்கு டிஎஸ்எச் 6 என்று வந்தவுடனே மாத்திரை தொடங்குவதும் அவசியமில்லாமல் இருக்கலாம். வயதோடு டிஎஸ்எச் இயல்பாகவே கொஞ்சம் ஏறும். டி4 சரியாக இருந்து டிஎஸ்எச் மட்டும் லேசாக ஏறிய 65 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்து ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. மாத்திரை போட்டவர்களுக்கும் வெறும் மாவு மாத்திரை போட்டவர்களுக்கும் களைப்பில் வித்தியாசமே இல்லை. டிஎஸ்எச் 10ஐத் தாண்டினால் கதை வேறு.

சத்துகள். அயோடின்தான் டி4இன் மூலப்பொருள், பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும். இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் தொடங்கிய ஆய்வில், ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்துக் கழுத்துக் கழலை குறைவதைக் காட்டினார்கள். 1962இல் தேசியத் திட்டம் வந்தது. இன்று கடையில் விற்கிற உப்பில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம். தூத்துக்குடி உப்பளங்களை வைத்திருக்கிற நம் மாநிலம் இதில் எப்படி இருக்கிறது தெரியுமா? 2018-19 கணக்கெடுப்பில் போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான், நாட்டிலேயே கடைசி. கல்லுப்பு மோகம் ஒருபக்கம். இப்போது ஆரோக்கியம் என்று இந்துப்புக்கு மாறியவர்கள் இன்னொரு பக்கம். இந்துப்பு இளஞ்சிவப்பாக அழகாக இருக்கிறது. அயோடின் கணக்கில் அது சேராது. அயோடின் கலந்த பாக்கெட்டை வாங்கி, மூடிவைத்து, சமையல் முடிகிறபோது போடுங்கள், போதும்.

ஆனால் ஹஷிமோடோ வந்தவர்களுக்கு அயோடின் மருந்து ஆகாது. கடல்பாசி மாத்திரை என்று அளவில்லாமல் ஏற்றினால் அழற்சி கூடி, மந்தம் இன்னும் மோசமாகும்.

இரும்பு வேறு விஷயம், அதைத் தேடிப் பார்க்கத்தான் வேண்டும். சுரப்பி ஹார்மோன் செய்ய உதவும் நொதிக்கு இரும்பு வேண்டும். அதிக ரத்தப்போக்கு இருக்கிற பெண்ணுக்கு இரும்பு தீர்ந்துபோகும்; டிஎஸ்எச் சரியான பிறகும் களைப்பு போகாது. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பி12உம் அப்படித்தான். சுரப்பியை அரிக்கிற அதே எதிர்ப்புச் சக்தி சிலருக்கு வயிற்றையும் அரிப்பதால் பி12 உடம்பில் சேராது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு அது ஏற்கெனவே குறைவு. செலினியம் டி4ஐ டி3 ஆக்கும் நொதிக்குத் தேவைதான், ஆனால் மாத்திரையாகப் போட்டால் ஆன்ட்டி-டிபிஓ எண் குறையலாமே தவிர, உடம்பு தேறுகிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. மத்தி மீனும் முட்டையும் சாப்பிடுங்கள். அந்தக் காசு மிச்சம்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பயம் பாதிக்கு மேல் வீண். வேகவைத்து, சாதாரண அளவில் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. கம்பும் மரவள்ளியும் தைராய்டைத் தடுக்கும் பொருள்களைக் கொண்டவைதான். மூன்று வேளையும் அதுவே உணவாகி, அயோடினும் குறைவாக இருக்கும் இடங்களில்தான் அது பிரச்சினை ஆனது. வாரத்தில் ஒரு நாள் கம்பங்கூழுக்குப் பயப்பட வேண்டாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் கொத்தமல்லி விதைத் தண்ணீர் தாகத்துக்கு நல்லது. அரிக்கப்பட்ட சுரப்பியை அது திருப்பித் தராது. குடித்தே தீருவேன் என்றால் மாத்திரை போட்ட அந்த ஒரு மணி நேரத்தில் வேண்டாம்.

கடைசியாக, அவசரமானது. மாத்திரை போடுகிற பெண் கர்ப்பமானால் மேலே சொன்ன நிதானம் எதுவும் பொருந்தாது. முதல் சில மாதங்கள் வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் டி4தான் ஆதாரம். குழந்தையின் சுரப்பி தானாக முழு வேலைக்கு வரப் பாதிக் கர்ப்பம் தாண்டிவிடும். நாலாவது, ஆறாவது வாரத்திலேயே தேவை 25, 30 சதவீதம் கூடிவிடும். அதனால்தான் பல டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள்: டெஸ்ட் பாசிட்டிவ் ஆனதும் வாரத்துக்கு ஏழுக்குப் பதில் ஒன்பது மாத்திரை போடு, உடனே வந்து டிஎஸ்எச் பார். கர்ப்பத்தின் முதல் பாதியில் சுமார் நாலு வாரத்துக்கு ஒரு தடவை பார்ப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்பு மாத்திரையும் கால்சியமும் இதே காலத்தில்தான் தொடங்கும். அந்த நாலு மணி நேர இடைவெளி இங்கேதான் உயிர்நாடி. பிரசவம் முடிந்ததும் பழைய டோஸுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ தங்கையோ இந்த மாத்திரை போடுகிறவராக இருந்து குழந்தைக்குத் திட்டமிட்டால், கர்ப்பத்துக்கு முன்பே ஒரு டிஎஸ்எச் பார்த்து, பாசிட்டிவ் ஆனால் எத்தனை மாத்திரை என்பதை டாக்டரிடம் சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோடு இரண்டாகத் தெரிந்த அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடட்டும். முதல் ஸ்கேன் வரை காத்திருக்க வேண்டாம்.